கரியடுப்பைச் சுற்றி எட்டுப் பேர்

“இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்கவே முடியாது,” என்றார் பொத்தான்.

பல்குத்தும் குச்சியின் நுனியால் அவர் சுட்டிய இருவரும் அந்த நேரத்தில் ஒருவரையொருவர் நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாயில் சிகரெட்டை வைத்துக் குனிந்திருந்தான். மற்றவன் உள்ளங்கையைக் குவித்து, காற்றுக்கு மறைத்துத் தீக்குச்சியை நீட்டியிருந்தான். இருவரும் கட்டைவிரல் உயரம். ஜெர்மன் சிப்பாய்கள். தோற்றுப் பின்வாங்கும் வழியில், ஏதோ ஒரு சின்ன ரயில் நிலையத்தில், வராத ரயிலுக்காகக் காத்து நிற்கும் எட்டுப் பேரில் இரண்டு பேர்.

“ஏன் சார் முடியாது?” என்று கேட்டார் பல்செட்டுக்காரர்.

“கால்ல என்ன?”

“பூட்ஸ்.”

“என்ன பூட்ஸுன்னு பார்த்தீங்களா? இவன் போட்டிருக்கிறது முழங்கால் வரைக்கும் ஏறுறது. சண்டை ஆரம்பிச்சப்போ கொடுத்தது. அவன் போட்டிருக்கிறது கணுக்கால் பூட்ஸ், மேல துணிப்பட்டை. தோலுக்குப் பஞ்சம் வந்தப்புறம் கொடுத்தது. காலரைப் பாருங்க. இவனுக்குக் கரும்பச்சை, அவனுக்குச் சாம்பல். நடுவுல நாலு வருஷம் இருக்கு சார். நாலு வருஷத்தைத் தாண்டி ஒருத்தன் தீக்குச்சி நீட்டுறான்!”

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்த எல்லாரும் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். சிலர் அனுதாபத்தோடு; சிலர் தங்களுடையது தப்பித்த சந்தோஷத்தோடு.

டையோரமா என்பது ஒரு பலகைமேல் ஒரு நொடியை நிறுத்தி வைக்கும் வேலை. வீடு, மரம், மனிதர்கள், சேறு, எல்லாம் குட்டி அளவில். அதைச் செய்பவர்களுக்கு ஊரில் ஒரு சங்கம் இருந்தது. சங்கத்துக்குச் செயலாளராகவும் போட்டிகளுக்கு நடுவராகவும் பொத்தான் இருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து ஆய்வாளர் வேலை. எரிந்த கடைகளையும் நசுங்கிய கார்களையும் பார்த்துப் பார்த்து, படம் இல்லாமல் எதையும் நம்பாத மனிதர். ஒருமுறை ஒரு தளபதியின் சட்டைக் கையில் பொத்தான் ஒன்று குறைகிறது என்று ஒரு முழுப் படையையே போட்டியிலிருந்து வெளியேற்றினார். அன்று முதல் அந்தப் பெயர். அவருக்கும் அது தெரியும். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

பல்செட்டுக்காரரின் தப்பு ரொம்பச் சாதாரணமானது. ஒரு பெட்டியில் நான்கு சிப்பாய்கள்தான் வருவார்கள். அவருக்கு எட்டுப் பேர் வேண்டியிருந்தது. கடையில் அதே பெட்டி இன்னொன்று இல்லை. பக்கத்தில் இருந்த வேறு பெட்டியை வாங்கி, இரண்டையும் கலந்துவிட்டார். எட்டு மாதமாக நடைமேடையின் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகப் பதித்தவர், சிப்பாய்களின் காலைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தார். ஊரில் பாதிப் பேர் அவர் கட்டிக் கொடுத்த பற்களால்தான் சிரித்தார்கள்; அவருக்கு எப்போதும் கண் வாயில்தான் போகும்.

“கண்காட்சிக்குள்ள சரி பண்ணிடறேன் சார்.”

“பண்ணுங்க. சண்டையில எந்த வருஷம்னு ஒரு முடிவுக்கு வாங்க முதல்ல.”

*

பலகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது சின்ன அறையின் வாசலில் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அண்ணனுக்கு மாற்றல் வந்துடுச்சு. அம்மா அடுத்த மாசக் கடைசியில இங்க வர்றாங்க. இந்த ரூம்தான்.”

“இந்த ரூமா?”

“வேற எந்த ரூம் இருக்கு? நீங்க கட்டின ரயில்வே ஸ்டேஷன்ல வெயிட்டிங் ரூம் இருக்கே, அதுல படுக்க வைக்கலாமா?”

பல்செட்டுக்காரர் பலகையை மெதுவாக மேசைமேல் இறக்கினார். ஜன்னல் வெளிச்சம் சரிவாக விழுந்தது. நடைமேடையில் எட்டு நிழல்கள் நீண்டன. குனிந்து பலகையின் விளிம்புக்குக் கண்ணைக் கொண்டுவந்தால் போதும், அறை காணாமல் போய்விடும். தண்டவாளம் தூரத்தில் வளைந்து மறையும். அந்த வளைவுக்கு அப்பால் ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கும். அவர் குனியப் போனார்.

“உலகத்தையே கொளுத்தினவனுங்க எட்டுப் பேருக்கு என் வீட்டில ஒரு ரூம். என்னைப் பெத்தவளுக்கு இல்ல. அப்படித்தானே?”

“அவங்க தோத்துட்டுப் போறாங்கம்மா.”

“தோத்தவன் போக வேண்டியதுதானே? எட்டு மாசமா ஏன் என் ரூம்லயே நிக்கிறான்?”

“ரயில் வரல.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு கணத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பேசினார்.

“கண்காட்சி முடியட்டும். முதல் பரிசு வாங்குறதை அருங்காட்சியகமே எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிரந்தரமா வெச்சுக்குது. அப்புறம் ரூம் காலி.”

“வாங்கலைன்னா?”

“பிரிச்சுடறேன்.”

“எங்கம்மா வந்து நிக்கும்போது பேச்சு மாறக்கூடாது.”

“மாற மாட்டேன்.”

சொல்லிவிட்டாரே தவிர, பிரிப்பதை நினைத்தபோது கடைவாயில் ஒரு பல் விண்ணென்று தெறித்தது. கல் கல்லாகப் பெயர்ப்பதா? வளைந்து போகும் அந்தத் தண்டவாளத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

அன்று மாலை மாமியாரே போனில் வந்தார்.

“மாப்பிள்ளை, நான் வர்றது உங்களுக்கு இடைஞ்சலா?”

“ஐயோ, இல்லைங்க அத்தை.”

“பொம்மை வெச்சு விளையாடுறீங்களாமே.”

“விளையாட்டு இல்லைங்க அத்தை. சரித்திரம்.”

“எதுவா வேணா இருக்கட்டும், சாப்பாட்டு மேசைக்கு மட்டும் வராம பார்த்துக்குங்க. உங்க மாமா இருந்த வரைக்கும் நான் நிம்மதியா ஒரு தட்டு வெச்சதில்ல. விளக்கு, கேமரா, குடை, கறுப்புத் துணி. வெச்ச பொருள் வெச்ச இடத்தில இருக்காது. கேட்டா, தொடவே இல்லன்னு சாதிப்பார்.”

மாமா போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். பல்செட்டுக்காரருக்கு அவர் சுவரில் மாட்டிய படமாக மட்டுமே பழக்கம். அந்தப் படத்திலும், எதிரில் இருப்பவரை அசையாமல் இருக்கச் சொல்வதுபோலத்தான் பார்ப்பார்.

*

முதலில் பூட்ஸைச் சரிசெய்யலாம் என்று நினைத்தார். நெட்டை பூட்ஸ் நான்கு பேருக்கும் அதைக் கணுக்காலோடு நிறுத்தி, மேலே துணிப்பட்டை சுற்றிவிட்டால் எட்டுப் பேரும் ஒரே வருஷத்துக்கு வந்துவிடுவார்கள். பட்டறையிலிருந்து பல் ராவும் சின்ன இயந்திரத்தைக் கொண்டுவந்தார். ராவினார். ஒருவனுக்குக் கொஞ்சம் அதிகமாகப் போய்ப் பாதமும் தேய்ந்துவிட்டது. அவனுக்குச் சமமாக மற்றவர்களையும் ராவினார். கடைசியில் நான்கு பேரும் ஒரு சுற்று குட்டையாகிப் போனார்கள். சிகரெட்டுக்கு நீட்டிய தீக்குச்சி இப்போது எதிரில் இருப்பவனின் மூக்குக்கு நேராக இருந்தது.

உயரம் கூட்ட, பாதத்துக்கு அடியில் பிளாஸ்டர் வைத்தார்.

“இவன் ஏன் செங்கல் மேல நிக்கிறான்?” என்றாள் காபி கொண்டுவந்த மனைவி.

“செங்கல் இல்ல. பூட்ஸோட அடிப்பாகம்.”

“இவ்வளவு உயரமாவா? நடந்தா விழுந்துடுவானே.”

அடுத்து, காலே தெரியாதபடி மறைத்துவிடுவது என்று முடிவு செய்தார். கணுக்கால் வரை தொங்கும் நீண்ட குளிர்கோட்டு. கழுத்துப் பட்டையைத் தூக்கிவிட்டால் காலரும் தெரியாது. பூட்ஸ், காலர் இரண்டும் ஒரே அடியில் தீர்ந்தது. பல் ஈறு செய்யும் மாவுதான் கையில் இருந்தது. அதைத் தட்டி மடித்து, எட்டுப் பேருக்கும் தையல்காரர் பொறாமைப்படும்படி கோட்டு போட்டுவிட்டார். பெயின்ட் அடிக்க விடியட்டும் என்று படுக்கப் போனார்.

காலையில் மனைவியின் குரல் கேட்டது. “என்னங்க, இவங்க எல்லாரும் கல்யாணத்துக்குப் போறாங்களா?”

ஈறு மாவுக்கு ஈறின் நிறம். மெல்லிய ரோஜா வண்ணக் கோட்டுகளில் எட்டுச் சிப்பாய்கள், காலை வெயிலில் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். பார்க்க அழகாகக்கூட இருந்தது. போரில் எல்லாரும் இப்படி உடுத்தியிருந்தால் யாரும் யாரையும் சுட்டிருக்க மாட்டார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு ஓடியது. பிறகு சாம்பல் வண்ணத்தைக் குழைத்தார்.

பொத்தான் அந்த வாரமே வீட்டுக்கு வந்து பார்த்தார்.

“கோட்டு நல்லா வந்திருக்கு. மரம்?”

“மரத்துக்கு என்ன சார்?”

“துளிர்த்திருக்கே. இவங்க நடுக்குற குளிர்ல நிக்கிறாங்க. மேல மரம் வசந்த காலத்துல நிக்குது. நேத்து வரைக்கும் நாலு வருஷ வித்தியாசம்தான் இருந்துச்சு. இப்ப பருவமும் கலங்கிடுச்சு.”

மரத்தில் இலை ஒட்ட அவருக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்தவற்றை வெள்ளைத் தட்டில் போட்டார். ஜன்னல் வழியே வந்த காற்று தட்டைத் தொட்டது. இலைகள் எழுந்து, ஒரு கணம் அறையெங்கும் மிதந்து, நடைமேடையில், தொப்பிகளில், கூரையில் என்று அங்கங்கே வந்து உட்கார்ந்தன. ஒரு முழு இலையுதிர்காலம் இரண்டு நிமிடத்தில் நடந்து முடிந்தது. 

அதற்கு மேல் பனிதான் பாக்கி. சமையலறையில் இருந்த சோடா உப்பைக் கொண்டுவந்து தூவினார். தூவத் தூவ ஒரு யோசனை வந்தது. பனியை முழங்கால் வரைக்கும் ஏற்றிவிட்டால்? பூட்ஸ், பிளாஸ்டர், ராவிய கால், எல்லாக் குற்றமும் அதற்குள் போய்விடும். எட்டுப் பேரையும் முழங்கால் வரை புதைத்துவிட்டு நிமிர்ந்தார்.

பொத்தான் பலகையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“தண்டவாளம் எங்க?”

“பனிக்கு அடியில சார்.”

“தண்டவாளமே தெரியாத அளவுக்குப் பனி விழுந்தா ரயில் எப்படி வரும்? ரயில் வராதுன்னு பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அப்புறம் இவங்க ஏன் இங்க நிக்கிறாங்க?”

பல்செட்டுக்காரரிடம் இதுவரை யாரும் இவ்வளவு ஆழமான கேள்வியைக் கேட்டதில்லை. அவர் எட்டுப் பேரையும் பார்த்தார். அவர்களுக்கும் பதில் தெரிந்ததாகத் தெரியவில்லை.

*

மாமியார் வர இன்னும் மூன்று வாரம்தான். மனைவி ஏற்கெனவே அளவெடுக்கும் நாடாவோடு வந்து, கட்டில் எங்கே போடுவது என்று பார்த்துவிட்டுப் போயிருந்தாள். போகும்போது, மேசையருகே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து நின்றாள்.

“இப்ப என்னதான் பிரச்சினை? எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க.”

சொன்னார். நெட்டை பூட்ஸ், குட்டை பூட்ஸ், நாலு வருஷம்.

“வாசல்ல போய்ப் பாருங்க,” என்றாள் அவள்.

“எதை?”

“உங்க செருப்பு கல்யாணத்துக்கு வாங்கினது. என்னோடது போன மாசம் வாங்கினது. ரெண்டும் பக்கத்து பக்கத்துலதானே கிடக்கு? உங்க பொத்தான் சார் பார்த்தா, நம்ம ரெண்டு பேரும் சந்திச்சிருக்கவே முடியாதும்பாரா?”

அவர் எழுந்து போய் வாசலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அவள் சொல்வது சரி. பழைய ஆள் பழைய பூட்ஸை விடமாட்டான், நல்ல தோல். புதிதாக வந்தவனுக்குக் கிடங்கில் இருந்ததைக் கொடுத்திருப்பார்கள். பெரியவனும் சின்னவனும் ஒரே நடைமேடையில் நிற்கத்தான் நிற்பார்கள். அந்த நாலு வருஷ வித்தியாசம்தான் அவர்கள் பட்டபாடே. அதையல்லவா அவர் ராவித் தேய்த்து, கோட்டு போட்டு, பனியில் புதைத்துவிட்டார்!

அப்போதே பொத்தானுக்குப் போன் செய்தார். மூச்சு விடாமல் வாதத்தை வைத்தார். பொத்தான் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது நடந்திருக்கலாம் சார். நான் இல்லைன்னு சொல்லல. எரிஞ்ச கடைக்காரங்களும் என்கிட்ட வந்து நடந்திருக்கக்கூடியதைத்தான் சொல்வாங்க. போட்டோ இருக்கா?”

“என் வீட்டு வாசல்ல வந்து பாருங்க...”

“செருப்பு போட்டோ வேண்டாம். ரெண்டு விதப் பூட்ஸும் ஒரே இடத்தில நிக்கிற போட்டோ. கொண்டாங்க. நானே கையெழுத்துப் போடறேன்.”

*

மறுநாளிலிருந்து பட்டறைக்கு வந்தவர்களெல்லாம் பல்லில்லாமல் திரும்பிப் போனார்கள். பல்செட்டுக்காரர் பொது நூலகத்தில் இருந்தார். போரைப் பற்றிய புத்தகங்கள் முடிந்து, சீருடைகள் முடிந்து, கடைசியில் ரயில்களைப் பற்றிய ஒரு பழைய தடித்த புத்தகத்தின் பின்பக்கத்தில், தபால்தலையைவிடச் சற்றே பெரிதாக, அது இருந்தது.

கறுப்பு வெள்ளை. புள்ளி புள்ளியாக மங்கிய அச்சு. பனி படர்ந்த நடைமேடை. வட்டமாக எட்டுப் பேர். முகங்கள் தெரியவில்லை. கால்கள் தெரிந்தன. நான்கு பேருக்கு முழங்கால் வரை. நான்கு பேருக்குக் கணுக்கால் வரை. கீழே பொடி எழுத்தில்: கிழக்குப் போர்முனை, பெயர் தெரியாத ஒரு ரயில் நிலையம், படம் எடுத்தவர் யாரெனத் தெரியவில்லை.

நூலகத்தில் சத்தம் போடக்கூடாது. அவர் சத்தம் போட்டார்.

பொத்தான் பூதக்கண்ணாடியோடு படத்தின்மேல் கவிழ்ந்து கிடந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“ஒத்துக்கறேன். ரெண்டும் கலந்து நிக்குது. என் ஆயுசுல முதல் தடவை பார்க்கறேன்.”

“அப்ப என் சிப்பாய்ங்க...”

“சரிதான். ஆனா இனி நீங்க இந்தப் படத்துக்குக் கட்டுப்பட்டவர். கோட்டு கிடையாது. முழங்கால் பனி கிடையாது. இதுல என்ன இருக்கோ அது, இருக்கிற மாதிரி. நடுவுல இருக்கே, இது என்ன?”

எட்டுப் பேரும் எதைச் சுற்றி நிற்கிறார்களோ, அதைப் பல்செட்டுக்காரர் அதுவரை கவனிக்கவில்லை. கவிழ்த்த வாளி மாதிரி இருந்தது. தொடை உயரம். உலோகம். உச்சி மூடியிருந்தது. உடம்பெல்லாம் வரிசை வரிசையாகப் புள்ளிகள். அடியில் தடித்த விளிம்பு, அதில் கொடி ஓடுவதுபோல ஏதோ வேலைப்பாடு.

பொத்தான் கண்ணை மூடி யோசித்தார். விபத்து நடந்த இடத்தில் அப்படித்தான் யோசிப்பார் என்று சொல்வார்கள்.

“கரியடுப்பு. குளிர் காயறதுக்கு. புள்ளியெல்லாம் ஓட்டை, காத்து போறதுக்கு. சாதாரண அடுப்புன்னா மேல திறந்திருக்கும். இது ஏன் மூடியிருக்கு?”

“ஏன் சார்?”

“வெளிச்சம் மேல போகக்கூடாது. விமானத்துக்குத் தெரிஞ்சா குண்டு போட்டுடுவான். பாருங்க, எவ்வளவு யோசிச்சிருக்காங்க! அடியில இருக்கிறது தொழிற்சாலை முத்திரை. இந்த மாதிரி அடுப்பு எந்தப் புத்தகத்திலயும் கிடையாது சார். நாமதான் முதல்ல கண்டுபிடிச்சிருக்கோம்.”

அவர் ‘நாம’ என்று சொன்னதைப் பல்செட்டுக்காரர் கவனித்தார். கவனித்துச் சந்தோஷப்பட்டார்.

கோட்டுகளை உரித்தார். கால்களை மறுபடி வார்த்தார். பனியைச் சுரண்டி எடுத்தார். படத்தில் இருந்த பனி வேறு மாதிரி இருந்தது. மெத்தென்று, ஓரங்களில் உருண்டு, மிதித்த இடத்தில் அழுந்தி. சோடா உப்பில் அது வரவில்லை. முகப் பவுடரிலும் வரவில்லை. எதற்கும் பார்க்கலாம் என்று சமையலறையிலிருந்து ஒரு கை கோதுமை மாவை எடுத்துவந்து சலித்தார். அச்சு அசலாக அதே பனி.

“இதான் சார் அந்த ஊர்ப் பனி!” என்றார் பொத்தான், தொட்டுப் பார்த்து.

அடுப்புக்குத்தான் அதிக நாள் பிடித்தது. தகரத்தைத் தட்டி, மிகச் சின்ன ஊசியால் வரிசை பிசகாமல் ஓட்டை போட்டு, விளிம்பில் கொடி வேலைப்பாட்டையும் செதுக்கினார். உள்ளே ஒரு கடுகளவு விளக்கு வைத்தார்.

ஒரு மாலை, மழை இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், அறை விளக்கை அணைத்துவிட்டு அதைப் போட்டார். ஓட்டைகள் வழியே செம்பொறியாக வெளிச்சம் கசிந்தது. மாவுப் பனி சிவந்தது. நெட்டை பூட்ஸ் போட்டவனின் முகத்தில் பாதி தெரிந்தது. தீக்குச்சி நீட்டிய சின்னவனின் கை நடுங்குவதுபோல இருந்தது. பல்செட்டுக்காரர் குனிந்தார். அறை போய்விட்டது. மழைச் சத்தம் தூரத்து ரயில் சத்தமாயிற்று. அடுப்பைச் சுற்றி ஒன்பதாவது ஆளாக அவரும் நின்றார். யாரும் அவரை எந்த வருஷம் என்று கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

தோளில் ஒரு கை பட்டது. மனைவி பக்கத்தில் முட்டி போட்டுக் குனிந்திருந்தாள். அவளும் விளிம்புக்குக் கண்ணைக் கொண்டுவந்திருந்தாள்.

“இவனுக்கு எத்தனை வயசு இருக்கும்?” என்று மெல்லக் கேட்டாள்.

“பதினேழு, பதினெட்டு.”

“இந்த வயசுல என்ன கொடுமையெல்லாம் பண்ணிட்டு வந்தானோ.” இன்னும் கொஞ்சம் குனிந்தாள். “குளிருதுபோல. அடுப்பை இன்னும் கொஞ்சம் கிட்ட வையுங்க.”

“படத்துல அங்கதான் இருக்கு.”

“ம்,” என்றாள். பிறகு, “நீங்க தோத்தா இதை நான் பிரிக்க விட மாட்டேன். அம்மாவை ஹால்ல படுக்கச் சொல்லிக்கலாம்,” என்றாள். உடனே, “அவங்ககிட்ட சொல்லிடாதீங்க,” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

*

அதற்குள் பொத்தான் சங்கத்தில் ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டிருந்தார்: மூடிய கரியடுப்பும் போர்க்காலப் புத்திசாலித்தனமும். விளைவு, கண்காட்சி அன்று அருங்காட்சியகக் கூடத்தில் தெரிந்தது. எந்தப் பலகையைப் பார்த்தாலும் ஒரு கரியடுப்பு. காட்டுக்குள் அடுப்பு, பாலத்தடியில் அடுப்பு. பாலைவனச் சண்டையைச் செய்திருந்தவர்கூடக் கூடாரத்தின் ஓரத்தில் ஒன்றை வைத்துவிட்டு, அது குளிரான இரவு என்று பார்வையாளர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் முதல் பரிசு ஒன்றுதான். அருங்காட்சியகக் காப்பாளர் பல்செட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணாடிப் பெட்டி தயாராக இருக்கிறது என்றார். திறந்துவைத்த பலகைக்குப் பின்னால், ஆதாரமான அந்தச் சின்னப் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். பெரிதாக்கியதில் புள்ளிகள் இன்னும் புள்ளிகளாகி, எட்டுப் பேரும் பனிப்புகையில் கரைந்து நின்றார்கள். அடுப்பு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

“சரித்திரத்தைச் சரியா சொல்றதுன்னா என்னன்னு இதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும்,” என்று பொத்தான் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “அனுமானம் இல்ல. ஆசை இல்ல. ஆதாரம்!”

எல்லாரும் கைதட்டினார்கள். பல்செட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. வளைந்து மறையும் தண்டவாளம் இனி எப்போதும் வளைந்தபடி இருக்கும். அறை காலி. பல்வலிகூட நின்றுவிட்டது.

கைதட்டல் ஓயும்போது மனைவி உள்ளே வந்தாள், நேராக ரயிலடியிலிருந்து. ஒரு கையில் பை, மறுகையில் அம்மா.

“வாங்க அத்தை! பிரயாணமெல்லாம் சௌகரியமா?”

“இருந்துச்சு மாப்பிள்ளை. ஏதோ பரிசாமே? நல்லா இருங்க.”

மாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பலகையைப் பார்க்கத்தான் குனிந்தார். பாதியில் நின்று, தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார். பலகையை அப்படியே விட்டுவிட்டுச் சுவரிடம் போனார். இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தார்.

பொத்தான் மரியாதையோடு பக்கத்தில் வந்து நின்றார். “அம்மா, இது கிழக்குப் போர்முனையில எடுத்தது. எடுத்தவர் யாருன்னு தெரியல. உயிரைப் பணயம் வெச்சு எடுத்திருக்கணும்.”

“பத்திரிகைக்காரன் வந்து உட்கார்ந்துட்டான், விடியறதுக்குள்ள படம் வேணும்னு,” என்றார் மாமியார், யாருக்கும் சொல்லாத குரலில்.

“என்னங்க அத்தை?”

மாமியார் படத்துக்கு இன்னும் கிட்டப் போனார். வலது கையின் நடுவிரலை நீட்டி, பளபளக்கும் அந்தக் கரியடுப்பின் உச்சியில் வைத்தார். அது அங்கேயே பிறந்து வளர்ந்த விரல்போலப் பொருந்தி நின்றது. காப்பாளர், படத்தைத் தொடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாமியார் திரும்பிவிட்டார். முகம் சிவந்திருந்தது.

“மேசை பூரா கோதுமை மாவைக் கொட்டினார், சரி. ஒரு பெட்டியில ஆள் பத்தலைன்னு எங்க பையனோட ரெண்டு பெட்டி பொம்மையையும் கலந்தார், அதுவும் சரி. ஆனா மாப்பிள்ளை, தைக்கிறப்போ ஊசி குத்தாம நான் விரல்ல மாட்டிக்கிற வெள்ளி உறையைத் தொடவே இல்லன்னு, உங்க மாமா என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினாரே!”